ஹீட்டர் வாங்குமுன் ஒரு கணக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் நுவரெலியாக் கடைத்தெருவில் ஹீட்டர் பெட்டிகள் கடை வாசலுக்கு வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. வருடச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ்தான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கும். சில காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும் காணலாம். அந்தக் குளிரோடு ஈரமும் சேர்ந்து வருவதால் அது எலும்பு வரை போகும்.

மலைநாட்டில் நீண்ட காலமாக மின்சாதன வியாபாரம் செய்பவன் என்ற வகையில், இந்தப் பருவத்தில் நாளுக்குப் பத்துப் பேராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நாநா, கரண்ட் கொஞ்சமா இழுத்து நல்லா சூடு தாற ஹீட்டர் எது?"

கேட்பவர்களில் பெரும்பாலோர் பெரிய பங்களாக்காரர்கள் அல்லர். கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறையில் குடும்பத்தோடு இருப்பவர்கள், தொடர்மாடியில் சிறு வீடு எடுத்திருப்பவர்கள், ஏப்ரல் பருவத்தில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் நமது வியாபாரிகள் ஆகியோரே அதிகம். 2022, 2023 ஆம் ஆண்டுகளின் மின்கட்டண உயர்வுகளில் கை சுட்டுக்கொண்டவர்கள் இவர்கள். 2024 இலும் 2025 ஜனவரியிலும் கட்டணம் குறைந்து, 2025 ஜூனில் மறுபடியும் 15 வீதம் ஏறியதையும் பார்த்தவர்கள். ஆகவே இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டிய கடமை விற்பவனுக்கு உண்டு. அந்தப் பதிலை இங்கே கணக்கோடு தருகிறேன்.

ஓர் அலகுக்கு ஒரே அளவு சூடு

முதலில் ஓர் அடிப்படையான விடயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கம்பி சூடாகி வேலை செய்யும் ஹீட்டர் எதுவாக இருந்தாலும், ஓர் அலகு மின்சாரத்துக்கு அது தரும் சூடு ஒரே அளவுதான். மூவாயிரம் ரூபாப் பேன் ஹீட்டராக இருக்கலாம், முப்பதாயிரம் ரூபா எண்ணெய் ஹீட்டராக இருக்கலாம், செராமிக், ஹலோஜன், பேனல் என்று பெட்டியில் எந்தப் பெயரும் அச்சிட்டிருக்கலாம். உள்ளே போன மின்சாரம் முழுவதும் சூடாக மாறி அறைக்குள்ளேயே வருகிறது. அதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

மின்குமிழ் விடயத்தில் இது வேறு. பழைய குமிழ் மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கியது, எல்ஈடி குமிழ் அந்த வீணை நிறுத்தியது. அதனால் அங்கே "மின்சிக்கனம்" என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. ஹீட்டரிலோ நாம் கேட்பதே சூடுதான். வீண் என்று ஒன்று இல்லாத இடத்தில் சிக்கனம் எங்கிருந்து வரும்?

ஆகவே "400 வொட்தான், ஆனால் முழு அறையையும் சூடாக்கும்" என்று விளம்பரத்தில் வரும், சுவர்ப் பிளக்கில் நேரே செருகும் சின்னப் பொருளை நம்ப வேண்டாம். 400 வொட் ஹீட்டர் 400 வொட் சூட்டைத்தான் தரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல் ஏறத்தாழ 100 வொட் சூட்டை வெளியிடுகிறது. அப்படியானால் அந்தப் பொருள், அறைக்குள் மேலும் நான்கு பேரை அழைத்து உட்காரவைத்ததற்குச் சமம். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது.

பெட்டியின் விலையும் பட்டியலின் விலையும்

வியாபாரிகளான நாம் கொள்முதல் விலையை நுணுக்கமாகப் பார்ப்போம். ஹீட்டரில் அது சின்னச் செலவு. பெரிய செலவு மாதாமாதம் வருவது.

கணக்கு இலகுவானது. 1,000 வொட் ஹீட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. 2,000 வொட் என்றால் இரண்டு அலகு. ஓர் அலகை 50 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் மின்பட்டியலில் கடைசிப் படியில் இருக்கும் விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். 50 ரூபா என்றால் 2,000 வொட் ஹீட்டர் மணிக்கு 100 ரூபா தின்கிறது. பத்தாயிரம் ரூபாவுக்கு வாங்கிய ஹீட்டர், நூறு மணித்தியாலத்தில் தன் விலையளவு மின்சாரத்தையும் தின்றுவிடும். நூறு மணித்தியாலம் என்பது ஒரு மாத மாலைப்பொழுதுகள்தான். இரண்டாயிரம் ரூபா மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்கு இதில் இடமில்லை.

"கடைசிப் படி" என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2025 ஜூன் திருத்தத்திலும் 30, 60, 90, 120, 180 அலகுகள் என்ற படிகளே இருந்தன. படி ஏற ஏற அலகின் விலை ஏறும், அதோடு மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். மாதம் 85 அலகு பாவிக்கும் ஒரு வீட்டை எடுங்கள். மின்குமிழ், குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, அயன் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஹீட்டர் வந்தால் அது இந்த 85 க்கு மேலே ஏறி உட்காருகிறது. முதல் ஐந்து அலகு 90 வரையான படியில், அடுத்த முப்பது 120 வரையான படியில், அடுத்த அறுபது 180 வரையான படியில் போகும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆகக் கூடிய விலைப் படியில்தான். வீட்டில் உள்ள எல்லாப் பொருளிலும் விலை கூடிய மின்சாரத்தில் ஓடுவது ஹீட்டர் என்று சொன்னால் அது மிகையாகாது. அதே காரணத்தால், ஹீட்டரில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வோர் அலகும் ஆகக் கூடிய விலையில் மிச்சமாகிறது.

சூடு எங்கே போகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒன்பதடி உயரம் உள்ள ஓர் அறையை எடுங்கள். அதற்குள் இருக்கும் காற்றை 8 பாகை சூடாக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? கணக்குப் போட்டால் பத்தில் ஒரு பங்கு அலகு கூட வராது. ஐந்து ரூபாவுக்கும் குறைந்த வேலை.

அப்படியானால் ஹீட்டர் ஏன் இரவு முழுக்க அலகு அலகாகத் தின்கிறது? காற்றுக்குக் கொடுத்த சூடு அறையில் நிற்பதில்லை. கூரைத் தகடு, மெல்லிய கண்ணாடி, வெளிச்சுவர், கதவின் கீழ் இடுக்கு ஆகிய வழிகளால் அது போய்க்கொண்டே இருக்கிறது. ஓட்டை வாளியில் பீலியைத் திறந்துவிட்டது போலத்தான். பெரிய ஹீட்டர் வாங்குவது பீலியை இன்னும் பெரிதாகத் திறப்பது. நமது ஆட்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

ஓட்டையை அடைக்கும் செலவு அவ்வளவு பெரிதல்ல. கதவின் கீழ் இடுக்குக்கு இறப்பர் பட்டி அல்லது துணிச் சுருள் போதும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டும் பஞ்சுப் பட்டி ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். ஜன்னலுக்குத் தடித்த திரை, தரை வரை விழும்படி போட்டு, மாலை ஐந்து மணிக்கே இழுத்துவிட வேண்டும். பகல் வெயில் அடிக்கும் பக்கத்துத் திரையைத் திறந்து வைத்தால் அந்தச் சூடு இலவசம். சீமெந்துத் தரையில் ஒரு கம்பளம் விரித்தால் காலால் ஏறும் குளிர் நிற்கும்.

தகட்டுக் கூரைக்குக் கீழே மேல்மாடியில் இருப்பவர்களுக்குச் சீலிங்தான் முதல் வேலை. சூடான காற்று மேலே போகும், தகடு அதை வானத்துக்குக் கொடுத்துவிடும். சீலிங் இல்லாத அறையில் ஹீட்டர் போடுவது காசைக் கூரை வழியாக எறிவது. சீலிங் இருந்தால் அதன் மேல் கண்ணாடி நார் விரிப்பு அல்லது பஞ்சுப் பாய் போட்டால் வித்தியாசம் அன்றிரவே தெரியும்.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. அறைக்குள் கழுவிய உடுப்பைக் காயப்போட்டால் அந்த ஈரத்தை ஆவியாக்கவும் ஹீட்டரின் சூடு செலவாகிறது. நனைந்த சுவர் காய்ந்த சுவரை விட வேகமாகச் சூட்டை வெளியே விடும். பகலில் ஒரு மணித்தியாலம் ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, மாலையில் அடைப்பது நல்லது.

எத்தனை பாகை வேண்டும் என்பதும் காசுதான். வெளியே 8 பாகை இருக்கும் இரவில் அறையை 18 இல் வைத்தால் வித்தியாசம் 10 பாகை. 24 இல் வைத்தால் 16 பாகை. சூடு வெளியேறுவது இந்த வித்தியாசத்தின் அளவில்தான். ஆகவே 24 க்குச் செலவு 60 வீதம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வீட்டு வழிகாட்டல் குளிர்காலத்துக்குக் குறைந்தது 18 பாகை போதும் என்கிறது. வயோதிபர், குழந்தைகள் இருக்கும் அறைக்கு அதைவிடச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கொழும்பு வீட்டுச் சூட்டை நுவரெலியாவில் தேடுவதுதான் வீண் செலவு.

எந்த வகை எங்கே பொருந்தும்?

ஓர் அலகுக்குச் சூடு ஒன்றுதான் என்றால் வகைகளுக்குள் வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சூடு எங்கே, எவ்வளவு விரைவாக, எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில் வித்தியாசம் உண்டு.

பேன் ஹீட்டர்: விலை குறைவு, இரண்டு நிமிடத்தில் சூடு வரும். சத்தம் போடும், நிறுத்தியதும் சூடு போய்விடும். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் மட்டும் பாவிக்கும் அறைக்கு இது போதும். இரவு முழுவதும் ஓட விட ஏற்றதல்ல.

ஹலோஜன், குவார்ட்ஸ் வகை: செந்நிறமாக எரியும் குழாய்கள். இவை காற்றை விட்டு முன்னால் இருக்கும் ஆளை நேரே சூடாக்கும், வெயில் படுவது போல. கடையில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவருக்கும், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதுதான் சரி. ஷட்டர் திறந்த கடையின் காற்றைச் சூடாக்க முயல்வது வீண், ஆளைச் சூடாக்கினால் 400 வொட்டிலேயே வேலை முடியும். துணிக்கு அருகில் வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் இந்த வகையில் அதிகம்.

எண்ணெய் ஹீட்டர்: மடிப்பு மடிப்பாக நிற்கும் இரும்புப் பெட்டி. உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, குறைவதுமில்லை. சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவதே அதன் வேலை. அறை சூடாக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். சத்தமில்லை, செந்நெருப்பில்லை, தேர்மோஸ்டட் இருப்பதால் போதிய சூடு வந்ததும் தானே நின்று தானே ஓடும். மூன்று நான்கு மணித்தியாலம் இருக்கும் அறைக்கும் படுக்கை அறைக்கும் இது பொருந்தும்.

மின்சாரப் போர்வை: மெத்தைக்கு மேல் விரிக்கும் வகை. ஒருவருக்கான போர்வை ஏறத்தாழ 60 வொட். எட்டு மணித்தியாலம் ஓடினாலும் அரை அலகுதான். அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குவதால் இதற்கு மிஞ்சிய மலிவு கிடையாது. படுக்குமுன் அரை மணித்தியாலம் போட்டு, படுத்ததும் நிறுத்தினால் இன்னும் மிச்சம். கைக்குழந்தைகளுக்கும், தானாக நிறுத்த முடியாத நோயாளிகளுக்கும், நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம். சூடு கூடியது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். மடித்து வைத்து உள்கம்பி முறிந்த பழைய போர்வையையும் பாவிக்கக் கூடாது.

சுடுநீர்ப் பையையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். ஒன்றரை லீற்றர் நீரைச் சூடாக்கப் பத்தில் ஒரு பங்கு அலகுதான். ஐந்து ரூபாவுக்குப் பாதி இரவு கால் சூடாக இருக்கும்.

ஒரு சின்ன வீட்டுக் கணக்கு

ஒரு ஹோல், ஒரு படுக்கை அறை உள்ள வீடு. கணவன், மனைவி. மாலை ஏழு முதல் பத்து வரை ஹோலில், பிறகு படுக்கையில்.

முதல் வழி: தேர்மோஸ்டட் இல்லாத 2,000 வொட் பேன் ஹீட்டர். ஹோலில் மூன்று மணித்தியாலம், படுக்கை அறையில் எட்டு மணித்தியாலம். நாளுக்கு 22 அலகு, மாதம் 660 அலகு. 50 ரூபாக் கணக்கில் 33,000 ரூபா. படிக்கட்டணத்தைப் போட்டால் இந்த 660 இல் பெரும்பகுதி ஆகக் கூடிய விலையில் விழும்.

இரண்டாவது வழி: இடுக்குகளை அடைத்து, தடித்த திரை போட்டு, ஹோலில் 1,000 வொட்டில் வைத்த எண்ணெய் ஹீட்டர் மூன்று மணித்தியாலம். இது மூன்று அலகு. படுக்குமுன் அதையே படுக்கை அறைக்கு உருட்டிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம், ஓர் அலகு. இரண்டு மின்சாரப் போர்வை இரவு முழுக்க ஓடினாலும் ஓர் அலகு. மொத்தம் நாளுக்கு 5 அலகு, மாதம் 150 அலகு, 7,500 ரூபா.

மாதத்துக்கு 25,500 ரூபா வித்தியாசம். இரண்டு வீட்டிலும் நன்றாகத் தூங்குகிறார்கள். ஓர் எண்ணெய் ஹீட்டர், இரண்டு போர்வை, திரைத்துணி எல்லாவற்றுக்கும் போட்ட முதல் ஒரே பருவத்தில் திரும்பி வந்துவிடும்.

ஒன்றுக்கு மூன்று தரும் ஒரே சாதனம்

ஓர் அலகுக்கு ஒரே அளவு சூடு என்ற விதிக்கு வெளியே நிற்பது ஒன்றே ஒன்று, சூடேற்றும் வசதியுள்ள ஏசி. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இந்த ஏசி அதே வேலையைத் திருப்பிச் செய்து, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்து அறைக்குள் தள்ளுகிறது. மின்சாரம் அந்தச் சூட்டைச் சுமந்துவரும் கூலி மட்டும். அதனால் நுவரெலியாக் குளிரில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ மூன்று அலகுச் சூடு கிடைக்கும்.

நமது நாட்டுக் கடைகளில் இருக்கும் ஏசிகளில் பெரும்பாலானவை குளிரூட்ட மட்டும் செய்யப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். இன்வேட்டர் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, சூடேற்றும் வசதி உண்டா என்று மொடல் இலக்கத்தோடு கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வாங்கலாமா என்பதற்கும் கணக்குத்தான் பதில். சாதாரண ஹீட்டரில் நாளுக்கு 8 அலகு செலவாகும் அறைக்கு இந்த ஏசியில் மூன்றுக்கும் குறைவாகச் செலவாகும். நாளுக்கு 5 அலகு மிச்சம், மாதம் 7,500 ரூபா. வருடத்தில் ஐந்து மாதம் பாவித்தால் 37,500 ரூபா. பொருத்துகூலியோடு இரண்டு இலட்சம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் முதல் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல். சொந்த வீட்டுக்காரர், வருடம் முழுவதும் அறை விடுபவர் யோசிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர் சுவரைத் துளைத்துப் பொருத்துவதற்கு முன்பு உரிமையாளரோடு எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

வயரைக் கேட்காமல் வாங்காதீர்கள்

2,000 வொட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். நல்ல 13 அம்பியர் சதுர முள் பிளக் ஒன்றுக்கு இது சரி. அதே எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டு ஹீட்டர் செருகினால் 17 அம்பியர். வயர் உருகும். பழைய கட்டடங்களில் உள்ள 5 அம்பியர் உருண்டை முள் பிளக்கில் அடாப்டர் வைத்து ஹீட்டர் போடவே கூடாது. அது மின்குமிழுக்கும் வானொலிக்கும் போட்ட மெல்லிய வயர். சுருட்டிய வயரில் ஹீட்டர் ஓட்டினால் சுருளுக்குள்ளேயே சூடேறும், அதனால் வயரை முழுவதும் விரித்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வரும் இணைப்பையும் பாருங்கள். 30 அம்பியர் ஒற்றை இணைப்பு தாங்குவது ஏறத்தாழ 6,900 வொட். சுபஹுக்கு எழும்பி வுழூ செய்வதற்காக 4,500 வொட் சுடுநீர் ஷவரைத் திறந்து, குசினியில் 2,000 வொட் கேத்தலைப் போட்டு, அறையில் 2,000 வொட் ஹீட்டரும் ஓடினால் மொத்தம் 8,500. மெயின் சுவிட்ச் விழுவது ஹீட்டரின் குற்றமல்ல. டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி மாதம் ஒரு முறை பாருங்கள்.

திரை, மெத்தை, உடுப்பு எதற்கும் மூன்றடிக்குக் கிட்ட ஹீட்டர் இருக்கக் கூடாது. ஹீட்டரின் மேல் துணி காயப்போடும் பழக்கம் வீட்டையே எரிக்கும். சாய்ந்தால் தானே நிற்கும் சுவிட்ச் உள்ளதையே வாங்குங்கள்.

கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்

மின்பட்டியலுக்குப் பயந்து சிலர் இறைச்சி சுட்ட கரி அடுப்பை இரவில் அறைக்குள் எடுத்து வைக்கிறார்கள். சுற்றுலா வரும் இளைஞர்களும் செய்கிறார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட்டு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, இருமலும் வராது. தூக்கம் வருவது போல வரும், எழும்ப முடியாது. புகை இல்லாத தணல் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. குழாய் வழியாகப் புகை வெளியேறாத எந்த நெருப்பும், காஸ் அடுப்பு உட்பட, படுக்கை அறைக்குள் வரக் கூடாது. அறை வாடகைக்கு விடுபவர்கள் இதை மூன்று மொழிகளிலும் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். குளிருக்கு ஒரு போர்வை கூடுதலாகக் கொடுங்கள். ஓர் உயிர் போனால் எந்த வாடகையும் அதை ஈடு செய்யாது.

அறை விடுவோருக்கும் விற்போருக்கும்

அறை வாடகைக்கு விடுபவர்கள் முதலில் தங்கள் மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்கிறது என்று பட்டியலில் பாருங்கள். வீடு, ஹோட்டல், பொதுத் தேவை என்று வகைகளும் விலைகளும் வேறு வேறு. அந்த வகையின் விலையை வைத்தே அறைக்கணக்குப் போட வேண்டும். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் மின்மானி உள்ளவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை கூடிய நேரம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைந்த நேரம். இரவில் அதிகம் சூடேற்றும் இடத்துக்கு இது இலாபமா என்று உங்கள் பகுதி மின்சாரக் காரியாலயத்தில் கேட்டுப் பாருங்கள்.

வாடகையில் மின்சாரத்தையும் சேர்த்துவிட்டு, வந்தவர் ஜன்னலைத் திறந்து வைத்து ஹீட்டர் ஓட்டுகிறார் என்று புலம்புவதில் பயனில்லை. தேர்மோஸ்டட் உள்ள ஹீட்டரை மட்டும் வைத்து, நேரம் போனால் நிற்கும் டைமர் பிளக் ஒன்றும் போடுங்கள். அல்லது அறைக்குத் தனி உபமின்மானி வைத்து ஹீட்டருக்குத் தனியாக அறவிடுங்கள். எதைச் செய்தாலும் அறை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். காலையில் பட்டியலோடு வந்து நிற்கக் கூடாது.

விற்கும் நமது வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. "இது கரண்ட் இழுக்காது" என்று சொல்லி விற்பது இலகு. வாங்கியவர் முதல் பட்டியல் வந்த அன்று கடை வாசலில் நிற்பார், அல்லது நிற்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. கொள்முதல் செய்யும்போது பெட்டியில் எழுதிய வொட் சரியா என்றும் சோதியுங்கள். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மின்மானியின் இலக்கத்தைக் குறித்து, ஹீட்டரை அரை மணித்தியாலம் முழுச்சூட்டில் ஓட்டுங்கள். 2,000 வொட் என்றால் ஓர் அலகு ஓடியிருக்க வேண்டும். அரை அலகுதான் ஓடியது என்றால் அது 1,000 வொட் சரக்கு.

வாங்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அறையின் அளவு என்ன, மேலே சீலிங் உண்டா, எத்தனை மணித்தியாலம் ஓடும்? பதிலைக் கேட்டு, வொட்டை மணியால் பெருக்கி, மாதச் செலவை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படிக் கொடுப்பதால் சிலர் ஹீட்டர் வாங்க வந்து திரைத்துணியும் பஞ்சுப் பட்டியும் மட்டும் வாங்கிக்கொண்டு போவதுண்டு. அவர்கள் அடுத்த முறை மின்விசிறிக்கும் கேத்தலுக்கும் என்னிடமே வருகிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் செய்யும் ஒழுங்கு இதுதான். முதலில் இடுக்கையும் கூரையையும் அடையுங்கள். இரண்டாவதாக ஆளைச் சூடாக்கும் போர்வையும் சுடுநீர்ப் பையும் எடுங்கள். மூன்றாவதாக, தேவையான அறைக்கு மட்டும் தேர்மோஸ்டட் உள்ள ஓர் ஹீட்டரை வாங்கி 18 பாகையில் வையுங்கள். வருடம் முழுவதும் ஓடும் அறை என்றால் மட்டும் சூடேற்றும் ஏசிக்குக் கணக்குப் போடுங்கள். இந்த மாத மின்பட்டியலை எடுத்து, கடைசிப் படியின் விலையைப் பார்த்து, மேலே நான் போட்ட 50 ரூபாவுக்குப் பதிலாக அதை வைத்து இன்றிரவே கணக்கைத் தொடங்கலாம்.